உங்களுக்குத் தெரியுமா? மறதிப் புல்லும் சிவப்புத் தும்பியும்

● ஜப்பானில் ஒரு பூச்செடிக்கு 'மறதிப் புல்' என்று பெயர். வசுரெகுசா. லில்லியைப் போல ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். அதைக் கச்சையில் முடிந்துகொண்டால் பிரிந்தவர் நினைப்பு விட்டுப்போகும் என்பது சீனாவிலிருந்து வந்த நம்பிக்கை. 8-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஓதோமோ நோ யகாமோச்சி இதைச் சோதித்துப் பார்த்தார். பலிக்கவில்லை. வந்த கோபத்தில் செடியைக் கண்டபடி திட்டி, பெயரில் மட்டும்தான் மறதி இருக்கிறது என்று ஒரு பாட்டே எழுதிவிட்டார். 4,500-க்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட 'மான்யோஷூ' தொகுதியில் அந்தத் திட்டு இன்றும் பத்திரமாக இருக்கிறது. செடி ஒழுங்காக வேலை செய்திருந்தால் நமக்கு இந்தப் பாட்டு கிடைத்திருக்காது.

● செடி போகட்டும், சிப்பி? கரையில் ஒதுங்கும் ஒற்றைச் சிப்பி ஓட்டுக்கு 'மறதிச் சிப்பி' என்று பெயர். எடுத்தவருக்குத் துயரம் மறக்குமாம். கி நோ சுராயுகி என்ற கவிஞர் தோசா மாகாணத்தில் ஆளுநராக இருந்தார். பதவிக்காலம் முடிந்து 935-இல் கடல்வழியாகத் தலைநகர் திரும்பினார். போன இடத்தில் பெண் குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். அந்தப் பயணத்தைச் சொல்லும் 'தோசா நாட்குறிப்'பில் ஒரு காட்சி. கரையில் சிப்பிகளைப் பார்த்ததும் ஒருவர், மறதிச் சிப்பி கிடைக்காதா என்று பாடுகிறார். உடன் இருப்பவர் பதில் பாட்டில் அது தனக்கு வேண்டாம் என்கிறார். குழந்தைதான் இல்லை, ஏக்கமாவது அதன் அடையாளமாக மிஞ்சட்டும் என்பது அவர் கட்சி.

இதில் இன்னொரு வேடிக்கை. நாட்குறிப்பு முழுவதையும் சுராயுகி ஒரு பெண் எழுதுவதுபோல எழுதினார். அந்தக் காலத்தில் அதிகாரிகள் சீன மொழியில்தான் குறிப்பெழுதுவார்கள். பேச்சுமொழிக்கு நெருக்கமான கானா எழுத்து பெண்களின் கை. ஆளுநராக அழ முடியாததை வேறொருத்தியாக மாறி அழுதார் என்றே எனக்குப் படுகிறது.

● 'மறத்தல்' என்பதற்கான கான்ஜியை, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்தைப் பிரித்தால் மேலே 'அழிதல்', கீழே 'மனம்'. அதே இரண்டையும் மேலும் கீழுமாக வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு சொல் வரும்: 'வேலை மும்முரம்'.

நினைவுக்கான சொல் 'ஓமொய்தே'. எண்ணம் வெளியே வருதல் என்று பொருள். பழைய பாட்டைக் கேட்டதும் ஜப்பானியர் வாயிலிருந்து தானாக வரும் 'நத்சுகாஷீ' என்ற சொல் இன்னும் அழகு. குழந்தையோ நாய்க்குட்டியோ ஒருவரிடம் பழகி ஒட்டிக்கொள்வதைச் சொல்லும் வினையிலிருந்து பிறந்தது அது. நாம் பழசை நினைக்கிறோம் என்பதைவிட, பழசு வந்து நம் காலைச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

● ஜப்பானியக் குழந்தைகள் பல நூற்றாண்டுகளாக அரிச்சுவடி படித்தது நிலையாமையைச் சொல்லும் ஒரு கவிதையில்! 'இரொஹா' பாட்டில் 47 கானா எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. பூ மணக்கும், பிறகு உதிரும் என்ற ரீதியில் போகும் பொருள். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பிரதி 1079-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிக்கோ மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு இந்த எழுத்துகளைத்தான் வரிசையாகப் பெயராக வைத்திருக்கிறார்கள். பாதைக்கே 'இரொஹா சரிவு' என்று பெயர்.

● 'நான்' எங்கே?

தமிழில் 'வந்தேன்' என்றால் போதும், 'நான்' வினையின் வாலிலேயே இருக்கிறது. ஜப்பானிய வினைக்கு அந்த வால் கிடையாது. 'கிதா' என்றால் வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தார்கள் எல்லாமே. யார் வந்தது என்பதைச் சூழ்நிலை சொல்ல வேண்டும். அது சொல்லாவிட்டால் கேட்பவர் தன்னைப் போட்டுக்கொள்ளலாம்.

ஜப்பானியர் அதிகம் பாடும் நினைவுப் பாடல்கள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 'சிவப்புத் தும்பி', 'சொந்த ஊர்', 'மேலே பார்த்து நடப்போம்'. மூன்றிலும் 'நான்' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. மூன்றாவது பாட்டை உலகமே கேட்டிருக்கிறது. 1961-இல் சகமோதோ க்யூ பாடியது. கண்ணீர் கீழே விழாமலிருக்க அண்ணாந்து நடக்கும் ஒருவரின் பாட்டு. எழுதிய ஏய் ரொகுசுகே, 1960-இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து நடந்த போராட்டம் தோற்ற வேதனையில் எழுதினார் என்பார்கள். பாட்டில் அரசியலும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் காதலில் தோற்றவரும் வேலை போனவரும் அதில் புகுந்துகொண்டார்கள். 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடம். அங்கே அதற்கு வைத்த பெயர் 'சுகியாகி'. மேசையில் சட்டி வைத்து மாட்டிறைச்சி வேகவைத்துச் சாப்பிடும் பண்டத்தின் பெயர் அது. கண்ணீருக்கும் இறைச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வெளிநாட்டாருக்குத் தெரிந்த ஜப்பானியச் சொல் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

● 'நான்' வந்துவிட்டால் அடுத்த தொல்லை, எந்த 'நான்'? வதாஷி, வதாகுஷி, அதாஷி, பொகு, ஒரே, வஷி என்று வரிசையாக நிற்கின்றன. வதாஷி இருபாலருக்கும் பொது. 'ஒரே' முரட்டு ஆண்கள் சொல்வது. பொகு பையன்கள் சொல்வது. அதன் எழுத்துக்கு முதற்பொருள் 'பணியாள்'. நம் 'அடியேன்' வந்த அதே வழி!

பாட்டில் இந்த வேலிகளெல்லாம் சாய்ந்துவிடும். இளம்பெண்கள் மட்டுமே கொண்ட ஏகேபி48 குழுவின் 2007-ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் தலைப்பே 'பொகு நோ தையோ', என் சூரியன். பெண் குரலில் பையனின் 'நான்'. எதிர்த்திசையில், 1972-இல் மியா ஷிரோவும் பின்கரா ட்ரியோவும் பாடிய 'பெண்ணின் பாதை'. கைவிடப்பட்ட பெண்ணின் புலம்பலை கிமோனோ அணிந்த மூன்று ஆண்கள், அதுவும் நகைச்சுவைக் கலைஞர்கள், உருகிப் பாடினார்கள். 30 லட்சத்துக்கு மேல் இசைத்தட்டுகள் விற்றன.

● 'சிவப்புத் தும்பி'யைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

எழுதியவர் மிக்கி ரொஃபூ, 1921-இல். இசை யமதா கோசாகு, 1927. அந்தி வானம், சிவப்புத் தும்பி, யாருடைய முதுகிலோ இருந்தபடி அதைப் பார்த்த ஒரு குழந்தை. அது என்றைக்கு என்பது நினைவில்லை. யார் முதுகு? அம்மா இல்லை. ரொஃபூ சிறுவனாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்து, தாய் வீட்டைவிட்டுப் போய்விட்டார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு சிறுமியின் முதுகு அது. பாட்டில் அவளுக்குப் பெயர் கிடையாது, 'அக்கா' என்ற பொருளில் ஒரு சொல் மட்டும். 15 வயதில் அவளுக்குக் கல்யாணமாகிறது. அதுவும் பிறந்தவுடன் ஒரு வயது என்று எண்ணும் பழைய கணக்கு, நம் கணக்கில் 13, 14. அதன் பிறகு ஊர்ச் சேதியும் நின்றுபோகிறது.

இதை எழுதும்போது ரொஃபூவுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பிறந்த தத்சுனோ ஊரிலிருந்து வெகு தூரத்தில், வடக்கே ஹொக்கைடோவில், கிறிஸ்தவத் துறவிமடம் ஒன்றில் ஆசிரியர் வேலை. கடைசிக் கண்ணியில் கழி நுனியில் ஒரு தும்பி உட்கார்ந்திருக்கும். அந்தத் தும்பி அங்கே வந்தது எப்படி தெரியுமா? ரொஃபூ பள்ளிப் பையனாக எழுதிய ஹைக்குவிலிருந்து. முப்பது வயதுக்காரர் தன் பால்யத்தை நினைத்துப் பாடிக்கொண்டே போய், கடைசியில் அந்தப் பையன் எழுதிய வரியிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறார்.

இவ்வளவு உருக்கமான பாட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தப்பாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். 'சுமக்கப்பட்டு', 'துரத்தப்பட்டு' இரண்டுக்கும் ஜப்பானிய மொழியில் ஒரே உச்சரிப்பு. எழுத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டால், தும்பி துரத்த ஒரு பையன் ஓடுகிறான்.

● அதே வினை இன்னொரு குறும்பும் செய்கிறது. 1914-இல் கல்வி அமைச்சு ஆறாம் வகுப்புக்காக வெளியிட்ட 'ஃபுருசாதோ', அதாவது சொந்த ஊர். முயலைத் துரத்திய மலையை நினைத்துத் தொடங்கும். 'துரத்திய' என்பதன் பழைய வடிவம் 'ஓய்ஷி'. 'சுவையானது' என்பதற்கு 'ஓய்ஷீ'. விளைவு, முயல் கறி ருசி என்று நம்பி வளர்ந்தவர்கள் ஏராளம். எழுதியவர் தகானோ தத்சுயுகி, இசை ஒகானோ தெய்ச்சி. அந்தப் பாடநூல்களில் ஆசிரியர் பெயர் போடும் வழக்கம் இல்லாததால் இந்த இருவர் பெயரும் நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. தகானோ பிறந்தது நகானோ மாநிலம். 1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில் இதைப் பாடினார்கள்.

● மாலையானால் ஜப்பானின் பல ஊர்களில் தெரு ஒலிபெருக்கி பாடும். பேரிடர் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டுமே, அதற்கு ஒரு பாட்டு. பிள்ளைகளுக்கு அதுதான் வீட்டுக்குப் போகும் மணி. சில ஊர்களில் 'சிவப்புத் தும்பி'. சில ஊர்களில் அந்திச் சிவப்பைப் பாடும் 'யூயாகே கோயாகே'.

● தும்பி பாட்டின் 'அக்கா' தானே பாடியிருந்தால்? பாடியிருக்கிறாள். ஜப்பானின் பழைய தாலாட்டுகளில் பல, தாய் பாடியவை அல்ல. கூலிக்குப் பிள்ளை தூக்கப் போன ஏழைச் சிறுமிகள் பாடியவை. பிள்ளை அழுகிறது, பண்டிகைக்கு உடுத்தத் துணி இல்லை, எப்போது வீட்டுக்குப் போவேன் என்பதெல்லாம்தான் பொருள். அவற்றில் ஒன்றான கியோத்தோவின் 'தகேதா தாலாட்டை' அகாய் தோரி என்ற குழு 1971-இல் பாடி வெளியிட, அது பெரிய வெற்றி பெற்றது. பிறகு திடீரென்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அது கேட்கவே இல்லை. பாட்டு பிறந்த இடம், பிறப்பைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட புராகு மக்களின் குடியிருப்பு. யாரும் தடை போடவில்லை. வம்பு வேண்டாம் என்று நிலையங்கள் தாங்களாகவே ஒதுங்கின. 1990-களில்தான் மெல்லத் திரும்பி வந்தது. மறதியில் இப்படியும் ஒரு ரகம் உண்டு.

● இடிந்த கோட்டை மேல் நிலா. 1901-இல் வந்த 'கோஜோ நோ த்சுகி' பாட்டு. எந்தக் கோட்டை? கவிஞர் தோய் பான்சுயியின் ஊர் செந்தாய். ஆகவே எங்கள் அஓபா கோட்டைதான் என்கிறது அந்த ஊர். இல்லை, எங்கள் கோட்டை என்கிறது ஐசு வகாமத்சு. இசையமைத்த தாகி ரெந்தாரோ சிறுவயதில் திரிந்த ஓகா கோட்டைதான் என்கிறது தகேதா நகரம் (தாலாட்டின் தகேதா வேறு). எல்லா இடத்திலும் பாட்டுக்குக் கல் நட்டுவிட்டார்கள். தாகி 1903-இல் காசநோயால் இறந்தார், வயது 23. பின்னாளில் யமதா கோசாகு (தும்பிக்கு இசையமைத்தாரே, அவர்தான்) இந்தப் பாட்டுக்குப் பியானோ சேர்த்தபோது ஓரிடத்தில் ஒரு ஸ்வரத்தை அரை ஸ்வரம் கீழே இறக்கினார். அந்த வடிவம்தான் நாடெங்கும் பரவியது. ஜப்பான் நெஞ்சில் வைத்திருப்பது தாகி எழுதியதை அல்ல, யமதா திருத்தியதை.

● டோக்கியோவின் உயேனோ நிலையம் வடக்கிலிருந்து வருபவர்களின் வாசலாக இருந்தது. ஊர்ப் பேச்சைக் கேட்பதற்கென்றே நிலையக் கூட்டத்துக்குள் போகும் மனிதனைப் பற்றி இஷிகாவா தகுபொகு 'தன்கா' என்ற குறுங்கவிதை ஒன்று எழுதினார். 1910-இல் வந்த நூலில் இருக்கிறது. அந்த நிலையம் உயேனோதான் என்று கொண்டு, அங்கே அதைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1960-களில் பள்ளி முடித்த பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலை வேலைக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். இறங்கிய இடமும் உயேனோ. 1964-இல் இசாவா ஹச்சிரோ பாடிய 'ஆ, உயேனோ நிலையம்' அவர்களுடைய பாட்டு.

அதே உயேனோவிலிருந்து எதிர்த்திசையில், தோற்றுத் திரும்புகிறாள் 'த்சுகாரு நீரிணை குளிர்காலக் காட்சி'யில் வரும் பெண். 1977, பாடியவர் இஷிகாவா சயூரி, எழுதியவர் அகு யூ. இரவு ரயில், ஆஓமோரியில் பனி, பிறகு ஹொக்கைடோவுக்குப் படகு. 1988 மார்ச் 13-இல் கடலுக்கு அடியாகப் போகும், மொத்தம் 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள செய்கான் சுரங்கம் திறந்தது. ரயில் படகின் வழக்கமான சேவை அதோடு முடிந்தது. அவள் போன வழி இப்போது பாட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் கரோக்கே அறைகளில் இன்றும் தினமும் யாராவது அந்தப் படகில் ஏறுகிறார்கள்.

● டிசம்பரில் ஜப்பானிய அலுவலகங்கள் நடத்தும் விருந்துக்கு 'போனென்காய்' என்று பெயர். ஆண்டை மறக்கும் கூட்டம்! குடித்துவிட்டு அடுத்துப் போவது கரோக்கே. அங்கே பாடுவதெல்லாம் பழைய நினைவு. முரண்பாடு பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கோபேயில் 1971-இல் கரோக்கே பெட்டி செய்து வாடகைக்கு விட்ட இனோவே தாய்சுகே காப்புரிமை வாங்க மறந்தார் என்பார்கள், எப்படியோ, வாங்கவில்லை. பணம் கிடைக்காதவருக்கு 2004-இல் அமைதிக்கான 'இக் நோபல்' என்ற கேலிப் பரிசு கிடைத்தது.

● 'நாதா சோசோ' என்ற தலைப்பு டோக்கியோக்காரர்களுக்கே புரியாது. ஒகினாவா மொழி, கண்ணீர் பொலபொலவென்று வழிவதைச் சொல்வது. ஒகினாவாவின் பிகின் குழு மெட்டோடு இந்தத் தலைப்பைக் கொடுக்க, மொரியாமா ரியோகோ பொருளைத் தெரிந்துகொண்டு எழுதினார். 1970-இல் 23 வயதில் இறந்த அண்ணன்தான் அவர் நினைவுக்கு வந்தார். பழைய புகைப்பட ஆல்பத்தைப் புரட்டுவதில் பாட்டு தொடங்கும். 2001-இல் நத்சுகாவா ரிமி பாடிய பிறகு நாடே அதைக் காதல் பாட்டாகவும் இரங்கல் பாட்டாகவும் எடுத்துக்கொண்டது. 'அண்ணா' என்று ஒரு சொல் உள்ளே வந்திருந்தால் இது நடந்திருக்குமா?

● நினைவுகூர்வது உயிரோடிருப்பவர் வேலை என்றுதானே நினைக்கிறோம். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் 18,000-க்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. வெளியிட்ட 'ஹனா வா சகு' (பூக்கள் பூக்கும்) பாட்டில் 'நான்' உண்டு. ஆனால் அந்த 'நான்' இறந்தவர். எழுதிய இயக்குநர் இவாய் ஷுன்ஜி, இசையமைத்த கன்னோ யோகோ இருவரும் பேரலை தாக்கிய மியாகி மாநிலத்தின் செந்தாய்க்காரர்கள். அந்தப் பகுதியோடு தொடர்புள்ள கலைஞர்கள் கையில் ஆளுக்கொரு ஜெர்பரா பூவோடு முறைவைத்துப் பாடுவார்கள். இறந்தவர்கள் நம்மை நினைக்கிறார்கள் என்று திருப்பிப் போட்ட அந்த ஒரு மாற்றம், எந்த ஆறுதல் வார்த்தையையும்விடக் கனமாக இருக்கிறது.

● 'ஜிபுன் சகாஷி', தன்னைத் தேடுதல். ஜப்பானிய இளைஞர் பத்திரிகைகளில் தேய்ந்துபோன சொல். 'ஜிபுன்' என்றால் தான். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் 'தன் பங்கு'. மொத்தத்தில் தனக்கு எவ்வளவு என்று தேடுகிறார்கள் போலும்.

இந்தத் தேடல் பாட்டுகளில் எனக்குப் பிடித்தது ஏஞ்சலா அகி 2008-இல் எழுதிய 'தெகாமி', அதாவது கடிதம். என்.எச்.கே. பள்ளி இசைப்போட்டிக்கு நடுநிலைப் பள்ளி மாணவர்கள் பாட வேண்டிய பாட்டு. 15 வயதுப் பிள்ளை எதிர்காலத்துத் தனக்கு எழுதுகிறது. வளர்ந்தவர் பதில் போடுகிறார். கற்பனையில் வந்ததல்ல. பதின்வயதில் தனக்கே எழுதிய கடிதத்தை ஏஞ்சலா மறந்தே போயிருந்தார். 30-ஆம் பிறந்தநாளுக்கு அம்மா அதைத் தபாலில் அனுப்பிவைத்தார்.

● 2001 ஆகஸ்டில் ஸோன் என்ற பெண்கள் குழுவின் 'சீக்ரெட் பேஸ்' வெளிவந்தது. பத்து ஆண்டு கழித்து ஆகஸ்டில் மறுபடி சந்திப்போம் என்ற வாக்குறுதி அதில் வரும். குழு 2005-இல் கலைந்தது. 2011 ஆகஸ்டில் சொன்னபடி கூடி மேடையேறினார்கள். அதே ஆண்டு வந்த 'அனோஹனா' அனிமே தொடரிலும் இதே பாட்டு. இறந்துபோன தோழியை நண்பர்கள் மறக்கவும் முடியாமல் நினைக்கவும் முடியாமல் தவிக்கும் கதை.

● அனிமே இயக்குநர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) படத்தில் சூனியக்காரி யுபாபா, சிஹிரோ என்ற சிறுமியின் பெயரைப் பறிக்கிறாள். முதல் எழுத்தை மட்டும் விட்டுவைக்கிறாள். தனியாக வாசித்தால் அது 'சென்', ஆயிரம் என்று பொருள். பழைய பெயர் மறந்தால் ஊருக்குத் திரும்ப முடியாது. முடிவில் கிமுரா யுமி யாழ் மீட்டிப் பாடும் பாட்டு இந்தக் கதைக்கென்றே எழுதியதுபோல இருக்கும். உண்மையில் அது மியாசாகி கைவிட்ட வேறொரு படத்துக்காகப் பிறந்தது. அந்தப் படம் மறைந்தது, பாட்டு மிஞ்சியது.

● ஹாட்சுனே மிக்குவுக்கு மறக்க எதுவும் இல்லை. சப்போரோ நிறுவனமொன்று 2007 ஆகஸ்ட் 31-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, பாடும் கணினி மென்பொருள் அவள். குரல் ஃபுஜிதா சகி என்ற நடிகையுடையது. காஸ்மோ என்பவர் அவளைக்கொண்டு 'ஹாட்சுனே மிக்குவின் மறைவு' என்று ஒரு பாட்டு செய்தார். அழிக்கப்படும் முன் மென்பொருள் தன் கடைசிச் சொற்களை மனித வாயால் எட்டமுடியாத வேகத்தில் கொட்டித் தீர்க்கும். பாட முடியாது என்று தெரிந்தும் மனிதர்கள் பாட முயன்று பதிவேற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

● இரண்டு 'கிமி நோ நா வா' (உன் பெயர்) உண்டு. 2016-இல் ஷின்காய் மகோதோ எடுத்த படம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். இருவர் ஒருவர் பெயரை ஒருவர் மறந்துபோகும் கதை. முதலாவது 1952 முதல் 1954 வரை ஒலித்த வானொலி நாடகம். 1945 குண்டுவீச்சு இரவில் டோக்கியோவின் சுகியாபாஷி பாலத்தில் பெயர் கேட்காமல் பிரியும் இருவர். ஒவ்வொரு முறையும் மறதி பற்றிய முன்னுரையோடு தொடங்கும். அது ஒலிக்கும் நேரத்தில் பொதுக் குளியலறைகளில் பெண்கள் பக்கம் காலி என்று கதை சொல்வார்கள். இசை கோசேகி யூஜி. 1964 டோக்கியோ ஒலிம்பிக் அணிவகுப்பு இசையும் ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் பாட்டும் இவருடையவையே.

● பட்டமளிப்பு நாளில் பாடும் 'அஓகெபா தோதோஷி' 1884 முதல் ஜப்பானியர் கண்ணைக் கலங்கவைக்கிறது. மெட்டு எங்கிருந்து வந்தது என்பது நூற்றாண்டுக்கு மேல் புதிர். 2011-இல் சகுராய் மசாதோ என்ற பேராசிரியர், 1871-இல் அமெரிக்காவில் அச்சான ஒரு பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் அதைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

● ஜப்பானியக் கடையில் இரவு ஒரு ஸ்காட்லாந்து மெட்டு ஒலித்தால் கூடையோடு பணம் கட்டும் இடத்துக்கு நடையைக் கட்டுங்கள், கடை மூடப்போகிறது. 1881-இல் பள்ளிப் பாட்டாக வந்த 'ஹோதாரு நோ ஹிகாரி' (மின்மினி வெளிச்சம்) என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பல கடைகளில் ஒலிப்பது அதுவல்ல, 'வகாரே நோ வருத்சு', பிரிவின் வால்ட்ஸ். 'வாட்டர்லூ பிரிட்ஜ்' என்ற ஹாலிவுட் படத்தில் வந்ததைத் தழுவிப் போருக்குப் பிறகு வெளியிட்ட இசைத்தட்டு. உறையில் 'யூஜின் காஸ்மன் இசைக்குழு' என்று போட்டிருந்தது. வெள்ளைக்காரர் என்று வாங்கினார்கள். கோசேகி யூஜியைத் திருப்பிப் போட்டு வாய்க்குள் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள், யூஜின் காஸ்மன் வருவார்! எந்தப் பாட்டு ஒலிக்கிறது என்று கண்டுபிடிக்கக் காலால் தாளம் போட்டால் போதும். நான்கில் வந்தால் மின்மினி. மூன்றில் சுற்றினால் கோசேகி.